மேற்குச் சுவர்

சுண்ணாம்பின் ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும்.
நரகத்துக்கு நாலு முழம் ஒதுக்கியிருக்கிறார் ஆயர்.
"மணி தின்றவளை அங்கே வை.
கழுத்தில் மணியைக் கட்டு.
நாக்கு வெளியே தொங்கட்டும்."
முன்பணம் அரை மூட்டை உப்பு, ஒரு வெள்ளாடு.
ஆடு வாசலில் கத்திக்கொண்டிருக்கிறது.

மிராந்துக்த்.
மிரானின் மகள் என்று பொருள்.
கணவன் செத்த பிறகும்
பிறந்த வீட்டுப் பேரோடுதான் ஆண்டாள்.
அதையும் ஒரு குற்றமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது.
அறுவடைக்கு முன்பே பனி விழுந்த ஆண்டு.
மலைக்கணவாய் மூடிக்கொண்டது.
குதிரைகளைத் தின்றோம்,
பிறகு சேணத்தை ஊறவைத்துத் தின்றோம்.
அரசியின் களஞ்சியத்தில் வாற்கோதுமை இருந்தது.
ஊருக்கே காய்ச்சப் பாத்திரம் இல்லை.
அண்டாக்கள் எல்லாம் முந்தின ஆண்டே
கப்பமாகத் தெற்கே போயிருந்தன.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.
தொடக்கம் அவ்வளவுதான்.

நான்கு மணிகளும் கயிற்றில் இறங்கின.
பெரியது மூன்று கல்லின்மேல் மல்லாந்து உட்கார்ந்தது.
சின்ன மணியின் நாக்கைக் கழற்றி
அதால் கஞ்சியைத் துழாவினார்கள்.
துழாவும்போதெல்லாம்
நிறைமாதக்காரி போல முனகியது வெண்கலம்.
குருமார் சபித்தார்கள்.
மூன்றாம் நாள் வரிசையில் நின்றார்கள்.
முன்னால் இடம் கேட்டார்கள், அவள் தரவில்லை.

இரவில் சாம்பலும் புளித்த திராட்சைரசமும் எடுத்து
அவளே உள்ளே இறங்கித் தேய்ப்பாள்.
ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.
மணியைப் பக்கவாட்டில் சாய்த்திருந்தார்கள்.
வெளியே தெரிந்தது இரண்டு பாதம்,
குதிகாலில் வெடிப்பு.
உள்ளே அவள் தும்மினாள்,
மணி அடித்தது.
யாரோ சிரித்தார்கள். அவளும்தான்.

செம்போடு கூடப்பிறந்தது களிம்பு.
எவ்வளவு தேய்த்தாலும் விளிம்பில் ஒரு பச்சை.

அந்த வாரம் பதினோரு குழந்தைகள்.
என் தங்கை ஸீரா ஒருத்தி.
களிம்பு கொன்றதா,
அதற்கு முன்பே பசி கொன்றுவிட்டிருந்ததா,
காய்ந்த குடலில் ஒரேயடியாக விழுந்த கஞ்சியா?
அம்மா ஒருநாள் ஒன்றைச் சொல்வாள்,
மறுநாள் இன்னொன்றை.

அரசி வீட்டுக்கு வந்தாள்.
மண்டியிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.
"அடுப்பை அணைத்துவிடட்டுமா?"
அம்மாவைத்தான் கேட்டாள்.
அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல்
என் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

பனி உருகியது.
கணவாய் வழியே முதலில் உப்பு வந்தது,
அடுத்து அவள் மைத்துனனின் படை.
நஞ்சு வைத்தவள் என்று அறிவித்தார்கள்,
அவள் காய்ச்சியதைக் குடித்துப் பிழைத்த வாய்களைக் கொண்டே.
அந்தக் கூட்டத்தில் நானும் கத்தினேன்.
ஏழு வயது என்று முன்பே சொன்னேன்.
எங்கே கொண்டுபோனார்கள், தெரியாது.

பெரிய மணி மறுபடி மேலே ஏறியது.
இன்றும் கரகரக்கிறது. அவள் சாபமாம்.
அடியில் நெருப்பு வைத்தால்
யார் தொண்டைதான் கரகரக்காது?

சொன்னபடியே வரைகிறேன்.
சுடர், கழுத்தில் மணி, தொங்கும் நாக்கு.
கூலி வாங்குகிறவன், வேறென்ன செய்ய?
சட்டைக்கையை மட்டும்
தோள்வரை சுருட்டிவிட்டேன்.
விரல்நுனி முதல் முழங்கை வரை
களிம்பில் அரைத்த பச்சை.

விளக்கோடு வந்து பார்த்தார் ஆயர்.
"பேயின் நிறம். நன்றாக இருக்கிறது."
ஆமாம் என்றேன்.

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்குகிறேன்.
நகக்கண்ணில் பச்சை போகவில்லை.
வீட்டில் சாம்பல் இருக்கும்.
புளித்த ரசம்தான் யாரிடமாவது கேட்க வேண்டும்.